பழைய ராணுவ ரைபிள்களும் ஸ்கோப்களும்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களிலும் ராணுவங்கள் பயன்படுத்திய ரைபிள்களையும், அவற்றின் மேல் பொருத்திய ஸ்கோப்களையும் (குறி பார்க்கும் தொலைநோக்கிகள்) சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எங்கே ஏமாற வாய்ப்பு அதிகமோ அங்கே பதில் நீளமாக இருக்கும். ஸ்னைப்பர் ரைபிள்களுக்கு இத்தனை இடம் போனதற்கு அதுதான் காரணம்.

எந்த ரைபிளில் தொடங்குவது?

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு மாடலில் தொடங்குங்கள். லீ-என்ஃபீல்டு என்றால் லீ-என்ஃபீல்டு, மவுசர் என்றால் மவுசர். ஒவ்வொரு நாட்டு ராணுவமும் முத்திரை குத்தும் முறை வேறு, எண் போடும் முறை வேறு, பழுது பார்த்துத் திரும்பக் கொடுக்கும் முறையும் வேறு. ஐந்து நாட்டு ரைபிள்களை ஒரே நேரத்தில் வாங்கத் தொடங்கினால் ஐந்திலும் அரைகுறையாகத்தான் தெரியும். விற்பவர்களில் சிலர் எதிர்பார்ப்பதும் அந்த அரைகுறையைத்தான்.

வாங்குவதற்கு முன் அதே மாடலில் கிடைத்ததை எல்லாம் கையில் எடுத்துப் பாருங்கள். அருங்காட்சியகம், கண்காட்சி, தெரிந்தவர் வீடு, எங்கே கிடைத்தாலும் சரி. உண்மையான முத்திரை எவ்வளவு ஆழத்தில் இருக்கும், பழைய மரத்தின் நிறம் எப்படி இருக்கும் என்பதைப் படம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. முதல் ரைபிளாக ஸ்கோப் உள்ளதை வாங்க வேண்டாம். சாதாரணக் காலாட்படை ரைபிளைப் படிக்கத் தெரிந்த பிறகு ஸ்னைப்பர் பக்கம் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் பழைய துப்பாக்கி என்பதால் சலுகை உண்டு, சில இடங்களில் செயலிழக்கச் செய்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் உரிமம் இல்லாமல் தொடவே முடியாது. பணம் கொடுப்பதற்கு முன் உரிமம் தரும் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். நண்பர் சொன்னார் என்பது பதிலே ஆகாது. உரிமம் கிடைக்காதவர்களுக்கும் இதில் நிறைய இடம் இருக்கிறது. ஸ்கோப் டப்பா, தோல் வார், துடைக்கும் கருவிகள், பயிற்சிக் கையேடு என்று இவற்றை மட்டுமே ஆழமாகச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

‘மேட்சிங் நம்பர்’ என்றால் என்ன?

தொழிற்சாலையில் ஒன்றாகப் பொருத்திய பாகங்களில் ஒரே தொடர் எண்ணைக் குத்துவார்கள். அந்த எண்கள் இன்றும் ஒத்திருந்தால் அது மேட்சிங். ஆனால் எந்தப் பாகத்தில் எண் இருக்க வேண்டும் என்பது மாடலைப் பொறுத்தது.

ஜெர்மன் மவுசரான கே98கே-வில் ரிசீவர் (போல்ட் ஓடும் உலோக உடல்), பேரல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), ட்ரிகர் கார்டு, வளையங்கள், பின்குறி (குறி பார்க்க உதவும் பின்பக்கப் பாகம்) எல்லாவற்றிலும் எண் இருக்கும். போர் தொடங்குவதற்கு முன் செய்தவற்றில் திருகின் தலையில்கூட எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்க்கலாம். லீ-என்ஃபீல்டில் ரிசீவரின் எண்ணும் போல்ட் கைப்பிடியின் பின்னால் இருக்கும் எண்ணும்தான் முதலில் ஒத்துப்போக வேண்டும். சோவியத் மோசின்-நாகான்டில் முக்கிய எண் பேரலின் அடிப்பகுதியில் இருக்கும். போல்ட், தோட்டா அறையின் அடித்தகடு, மரக்கட்டையின் பின்முனைத் தகடு ஆகியவற்றில் அதே எண் திரும்ப வரும்.

அமெரிக்க ரைபிள்கள் தனி வகை. எம்1 கேரண்டிலும் 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டிலும் பாகங்களுக்குத் தொடர் எண் போடும் வழக்கமே இல்லை. யாராவது “எல்லா நம்பரும் மேட்சிங்” என்று ஒரு கேரண்டை விற்றால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள். அங்கே பார்க்க வேண்டியது பேரலில் குத்திய மாதமும் ஆண்டும், பாகங்களின் வரைபட எண்களும் ரிசீவரின் காலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பது.

ஜெர்மன் எண்களில் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆண்டுதோறும் எண்ணை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. நான்கு இலக்கம் முடிந்ததும் கூடவே ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்தார்கள். ஆகவே 4512 என்ற எண் மட்டும் எதையும் அடையாளம் காட்டாது. தொழிற்சாலைக் குறியீடு, ஆண்டு, எண், எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் ஒரு ரைபிள். எண் சரியாக இருந்து எழுத்து மட்டும் வேறாக இருக்கும் போல்ட்டை மேட்சிங் என்று சொல்லி விற்பது உண்டு. அது வேறு ரைபிளின் போல்ட்.

எண்ணைப் புதிதாகக் குத்தியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடியும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு சிறிய டார்ச்சும் போதும்.

அச்சு இரும்பில் இறங்கும்போது உலோகம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு எழும்பும். குத்திய பிறகு தேய்த்து மெருகேற்றி நிறமேற்றினார்களா, நிறமேற்றிய பின் குத்தினார்களா என்பதைப் பொறுத்து அந்த வரப்பு இருக்கும் அல்லது இருக்காது. அந்தத் தொழிற்சாலை எந்த வரிசையில் வேலை செய்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். எண்பது ஆண்டு பழைய எழுத்துக்குள் அழுக்கும் காய்ந்த எண்ணெயும் இறுகிக் கிடக்கும். பள்ளம் பளிச்சென்று இருந்தாலோ, ஒரே சீரான கறுப்புப் பூச்சு தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

அப்புறம், எண் இருக்கும் பரப்பையே பாருங்கள். பழைய எண்ணை அரத்தால் தேய்த்து எடுத்தவர் அந்த இடத்தில் கொஞ்சம் குழி விட்டிருப்பார். போல்ட் கைப்பிடியின் அடியில் ஒரு நேரான தகட்டை வைத்து வெளிச்சம் உள்ளே தெரிகிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். எழுத்தின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். 4-இன் மேல்முனை திறந்ததா மூடியதா, 1-க்கு அடிக்கோடு உண்டா என்பதையெல்லாம் அதே தொழிற்சாலையின் வேறு ரைபிளோடு ஒப்பிடுங்கள். லேசரால் பொறித்த எழுத்தின் அடிப்பகுதி சொரசொரப்பாக, ஒரே ஆழத்தில் இருக்கும். அச்சில் குத்தியதில் அப்படி வராது.

எண்கள் ஒத்துப்போகாத, ஆனால் யாரும் கை வைக்காத ரைபிளையே நான் விரும்புவேன். அது பட்ட பாடு அதில் அப்படியே இருக்கிறது. திருத்திய எண்ணோடு வருவதில் அந்த வரலாற்றின் ஒரு துண்டு அரத்தோடு போய்விட்டது, திரும்பி வராது.

ராணுவமே எண்ணை மாற்றியிருந்தால்?

அது போலி ஆகாது, ஆனால் விலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சோவியத் படை கைப்பற்றிய கே98கே-க்கள் போருக்குப் பின் பிரித்து, சுத்தம் செய்து, கிடைத்த பாகங்களைச் சேர்த்து மறுபடி கட்டப்பட்டவை. கட்டையில் செந்நிற ஷெல்லாக் பூச்சு மினுக்கும். ரிசீவரில் பல சமயம் எக்ஸ் போன்ற குறி இருக்கும். போல்ட்டில் ரிசீவரின் எண்ணை மின்பேனாவால் கீறியிருப்பார்கள். சோவியத் ஆயுதச் சாலைகளில் புதுப்பித்த மோசின்களில் சதுரத்துக்குள் சாய்கோடு போட்ட முத்திரையைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் நம்பர் 4 லீ-என்ஃபீல்டு ரைபிள்களில் முழுப் பழுது பார்த்ததற்கு ‘எஃப்டிஆர்’ என்ற எழுத்துகளும் ஆண்டும் இருக்கும்.

இவையெல்லாம் ராணுவம் தன் கையால் எழுதிய பதிவுகள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஷெல்லாக்கைச் சுரண்டிவிட்டு, எக்ஸ் குறியைத் தேய்த்துவிட்டு, “1945-இல் ஒரு சிப்பாய் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தது” என்று விற்கும்போதுதான்.

உலோகத்துக்கு மறுபடி நிறமேற்றியிருப்பதை எப்படி அறிவது?

முனைகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்த ரிசீவரின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். மெருகேற்றும் சக்கரத்தில் காட்டினால் விளிம்பு மழுங்கும், முத்திரையின் ஓரங்கள் கரையும், திருகுத் துளையைச் சுற்றிச் சட்டி போல் லேசான குழிவு விழும். துரு அரித்த சிறு குழிகளுக்குள் கறுப்பு நிறம் இறங்கியிருந்தால் துரு முந்தி வந்தது, நிறம் பிந்தி வந்தது. இதற்கு வேறு விளக்கமே கிடையாது.

பழைய ப்ளூயிங் (இரும்புக்கு ஏற்றும் கருநீல நிறம்) கை படும் இடங்களில்தான் தேயும். போல்ட் உருண்டை, ட்ரிகர் கார்டின் அடிப்பகுதி, பேரல் முனை. தேய்மானம் கை போகும் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். யாருடைய கையும் படாத இடத்தில் தேய்ந்து, படும் இடம் புதிதாக இருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

மரக்கட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

மரமும் உலோகமும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். தொழிற்சாலையில் மரம் உலோகத்தைவிடச் சற்று உயர்ந்தோ சமமாகவோ இருக்கும்படி விட்டிருப்பார்கள். உலோகம் துருத்திக்கொண்டிருந்தால் மரத்தை யாரோ தேய்த்திருக்கிறார்கள். கட்டையில் குத்திய ஆய்வாளர் முத்திரைகள் மங்கலாக, ஒரு பக்கம் மட்டும் தெரிந்தாலும் அதே கதைதான். மங்கிய முத்திரையைப் புதிய அச்சால் மறுபடி குத்தியவர்களும் உண்டு. மரநார் நசுங்கியிருக்கும் விதத்தில் அது தெரியும். புதிதாகக் குத்திய இடத்தில் நார் உடைந்து வெளிறிய நிறம் உள்ளே தெரியும்.

கட்டையைக் கழற்ற விற்பவர் அனுமதித்தால் உட்பக்கத்தையும் பாருங்கள். வெளியே எவ்வளவு வேலை செய்தாலும் உள்ளே தொட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எண், தொழிற்சாலைக் குறி, எண்ணெய்க் கறை எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும்.

இன்னொரு சுவையான விஷயம். அமெரிக்கச் சிப்பாய்கள் கைப்பற்றிய ரைபிளை நீளத் துணிப்பையில் போட்டு ஊருக்கு எடுத்துவர, முன்கட்டையைக் குறுக்கே அறுத்துவிடுவார்கள். அறுத்த இடம் தெரியாமல் இருக்க வளையத்துக்கு அடியில் அறுப்பார்கள். வளையத்தை நகர்த்தினால் ரம்பக்கோடு தெரியும். பார்க்க இது சேதம். ஆனால் இந்தத் துப்பாக்கி எப்படி ஊர் வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி அரிது. அதை மறைத்துப் பூச வேண்டாம்.

லீ-என்ஃபீல்டு ஸ்னைப்பர் உண்மையா என்று எப்படிச் சொல்வது?

நம்பர் 4 மார்க் 1 (டி) பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சோதிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ரைபிள் இல்லை. ஒரே செய்தியை இது பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது.

தொழிற்சாலையில் துல்லியமாகச் சுட்ட ரைபிள்களைத் தனியே எடுத்து, பெரும்பாலும் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 1942 முதல் போர் முடியும் வரை அங்கே 20,000-க்கும் மேற்பட்ட ரைபிள்கள் ஸ்னைப்பராக மாறின. அதற்குப் பொருத்திய நம்பர் 32 ஸ்கோப் மூன்று மடங்கு காட்டும். முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது அது.

இனி ரைபிளைக் கையில் எடுங்கள். ரிசீவரின் இடப்பக்கம் ‘டி’ என்ற எழுத்து இருக்க வேண்டும். பின்கட்டை செருகும் கழுத்துப் பகுதியின் இடப்பக்கம் ‘டிஆர்’ பெரும்பாலானவற்றில் இருக்கும். ஸ்னைப்பராக மாற்றத் தேர்ந்தெடுத்ததற்கான குறி அது. பின்கட்டையின் கழுத்துக்கு அடியில் ‘எஸ்51’ என்று சிறிதாகக் குத்தியிருக்கும். அது ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் போர்க்காலக் குறியீடு. அதே கழுத்தின் மேல்பக்கம் ஸ்கோப்பின் எண். ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டில் ரைபிளின் எண். இப்படி ரைபிள் ஸ்கோப்பைச் சொல்லும், பிராக்கெட் ரைபிளைச் சொல்லும்.

இதோடு நிறுத்த வேண்டாம். பின்குறியின் தகட்டில் சாதாரண ரைபிளில் இருக்கும் போர்த்துளைப் பகுதியை (விரைவாகக் குறி பார்ப்பதற்கான துளை) ஸ்கோப் இடிக்காமல் இருக்க அரைத்து நீக்கியிருப்பார்கள். கன்னம் வைக்கும் மரத்துண்டு பின்கட்டையில் திருகியிருக்கும். ரிசீவரின் இடச்சுவரில் பிராக்கெட் அமரும் இரண்டு தளங்களின் திருகுகள் தளராமல் இருக்க ஓரத்தில் குத்தி இறுக்கியிருப்பார்கள். அந்தக் குத்துக் குறி கலைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

போலி செய்கிறவர் ‘டி’-யைக் குத்துவார், ‘எஸ்51’-ஐயும் குத்துவார். ஆனால் தேய்மானத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொண்டுவருவது மிகக் கடினம். கழுத்து முழுக்கக் கை பட்டு வழவழப்பாக இருக்க, ஸ்கோப் எண் மட்டும் கூர்மையாக நின்றால் அந்த எண் ரைபிளோடு சேர்ந்து வயதாகவில்லை.

ஸ்கோப் பிரிந்துபோன உண்மையான ‘டி’ ரைபிள்கள் நிறைய உண்டு. அதற்கு வேறு நம்பர் 32 ஸ்கோப்பைப் பொருத்தி, “எண் ஒத்துப்போகாது” என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை. அப்புறம், 1970-இல் இந்த ரைபிள்களில் ஒரு பகுதியை 7.62 மிமீ தோட்டாவுக்கு மாற்றி எல்42ஏ1 என்று பெயரிட்டார்கள். அவற்றிலும் பழைய ‘டி’, ‘டிஆர்’ குறிகள் இருக்கும். அது இயல்பே.

மோசின்-நாகான்ட் பியூ ஸ்னைப்பர்?

பியூ என்பது இதில் பொருத்தும் ஸ்கோப்பின் பெயர். இதில் போலிகளும் மறுகட்டுமானங்களும் அதிகம். போருக்குப் பின் ஏராளமான ஸ்னைப்பர்களில் ஸ்கோப்பை எடுத்து, ரிசீவரின் இடப்பக்கத் துளைகளை இரும்பால் அடைத்து, சாதாரண ரைபிளாக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் அவற்றிலிருந்து அடைப்பை நீக்கி, புதிதாகச் செய்த மவுண்டும் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) ஸ்கோப்பும் பொருத்தி விற்கிறார்கள். துளை உண்மை, ரிசீவர் உண்மை, மேலே உட்கார்ந்திருப்பது மட்டும் நேற்றுச் செய்தது.

பேரல் அடிப்பகுதியின் இடப்பக்கத்தை முதலில் பாருங்கள். ஸ்கோப்பின் எண்ணை அங்கே குத்துவது வழக்கம். வளைந்து நீண்ட போல்ட் கைப்பிடி, மவுண்டுக்காக வெட்டிய கட்டை இரண்டும் இருக்க வேண்டும். வெட்டிய இடத்தின் உள்ளோரம் மற்ற மரத்தைவிட வெளுத்திருந்தால் வெட்டு புதியது. பியூ மூன்றரை மடங்கு காட்டும். அதற்கு முந்தைய பிஇ நான்கு மடங்கு. பிஇ-யில் கண்பக்கம் குவியம் சரிசெய்யும் வளையம் உண்டு, பின்னால் வந்த பிஇஎம்-இல் அதை நீக்கிவிட்டார்கள். 1930-களின் ரைபிளில் பியூ பார்த்தால் கேள்வி கேளுங்கள். இந்த ரைபிளுக்கு பியூ வந்தது 1942-இல்தான்.

கே98கே ஸ்னைப்பர்?

அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் வாங்க வேண்டாம். விலை மிக உயர்ந்தது, மவுண்ட் வகைகள் பல, போலிக்குப் போடும் உழைப்புக்கு லாபம் நிச்சயம். இதற்கு மேல் எழுதி உங்களுக்குப் பொய்யான தைரியம் கொடுக்க விரும்பவில்லை.

இசட்எஃப்41 வகை மட்டும் ஓரளவு எளிது. ஒன்றரை மடங்கு மட்டுமே காட்டும் சிறிய ஸ்கோப் அது. பின்குறித் தளத்தின் இடப்பக்கத்தில் கடைந்த தண்டவாளத்தில் ஏறும். அந்தத் தண்டவாளம் தொழிற்சாலையில் பின்குறித் தளத்தோடு சேர்த்துக் கடைந்தது, தனியே ஒட்டியது அல்ல. தண்டவாளம் இருந்து ஸ்கோப் இல்லாத ரைபிள் நேர்மையான ரைபிளே. புது ஸ்கோப் போட்டு விலையை ஏற்றத் தேவையில்லை.

எந்த கே98கே ஆனாலும் தொழிற்சாலைக் குறியீடும் ஆண்டும் சேர்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஓபர்ண்டார்ஃப் மவுசர் ஆலை போருக்கு முன் ‘எஸ்/42’ என்று போட்டது, பின்னர் ‘42’, அப்புறம் ‘பிஒய்எஃப்’, 1945-இல் ‘எஸ்விடபிள்யூ’. 1937-இல் ‘பிஒய்எஃப்’ என்று இருந்தால் கீழே வைத்துவிடலாம். எஸ்எஸ் படையின் குறி தனியாக எடுப்பாகத் தெரிந்தால் அதற்காக ஒரு காசும் கூடுதலாகத் தராதீர்கள். இந்தத் துறையில் அதிகமாகப் போலி செய்யப்பட்ட முத்திரைகளில் அது ஒன்று.

அமெரிக்க ஸ்னைப்பர்கள்?

1903 ஸ்ப்ரிங்ஃபீல்டின் ஸ்னைப்பர் வடிவமான எம்1903ஏ4-ஐ ரெமிங்டன் மட்டுமே செய்தது. ரிசீவரில் ‘03-ஏ3’ என்றுதான் எழுதியிருக்கும், ஏ4 என்று இருக்காது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முக்கியமானது எழுத்துகள் இருக்கும் இடம். மவுண்ட் மறைத்துவிடாமல் இருக்க, மாடல் பெயரை ஒரு பக்கமும் தொடர் எண்ணை மறுபக்கமும் தள்ளிக் குத்தினார்கள். சாதாரண ஏ3-இல் எல்லாம் நடுவில் இருக்கும். நடுவில் இருந்து, மேலே மவுண்ட் உட்கார்ந்து பாதியை மறைத்தால் அது பிற்காலத்தில் மாற்றியது. முன்குறியும் பொருத்தப்படாமல் இருக்க வேண்டும்.

கேரண்டின் ஸ்னைப்பர் வடிவங்களில் ஒன்றான எம்1டி-யைத் துப்பாக்கியை மட்டும் பார்த்து உறுதி செய்ய முடியாது. ஸ்கோப்பைத் தாங்கும் கட்டி பேரலில் இருக்கிறது. பேரலை மாற்றினால் எந்தக் கேரண்டும் எம்1டி. ஆகவே ராணுவம் விற்றபோது கொடுத்த, தொடர் எண் எழுதிய காகிதம் கூட வர வேண்டும். காகிதம் இல்லையா, சாதாரணக் கேரண்டின் விலைதான். எம்1சி-யில் ரிசீவரிலேயே துளையிட்டு மவுண்டைப் பொருத்தினார்கள். அங்கே பார்க்கக் கொஞ்சம் சான்று இருக்கிறது.

ஜப்பானிய ரைபிளில் செவ்வந்திப்பூ முத்திரை இல்லையே?

ரிசீவரின் மேல் இருக்கும் பதினாறு இதழ்ச் செவ்வந்தி பேரரசரின் சொத்து என்பதற்கான அடையாளம். சரணடைந்தபோது ஒப்படைத்த ரைபிள்களில் அதை அரைத்து அழித்தார்கள். பூ முழுதாக இருந்தால் அது பெரும்பாலும் போர்க்களத்தில் கைப்பற்றியதாக இருக்கும். அதனால்தான் விலை கூடுதல், அதனால்தான் அழித்த இடத்தில் மறுபடி பொறிக்கிறார்கள். இதழ்களின் நடுவே பழைய அரைத்த கீறல்கள் தெரிகின்றனவா, அந்த இடம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

1937-இல் வந்த டைப் 97 ஸ்னைப்பரில் ஸ்கோப் இரண்டரை மடங்கு. தோட்டாப் பட்டையை மேலிருந்து செருகுவதற்காக அதை இடப்பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஸ்கோப்பும் ஒரு குறிப்பிட்ட ரைபிளுக்கு என்றே தொழிற்சாலையில் குறி பார்த்துச் சரிசெய்தது. வேறு ரைபிளில் மாட்டினால் குறி தவறும். இங்கே ஸ்கோப் எண் ஒத்துப்போவதற்கு மதிப்பு மட்டும் அல்ல, பயனும் இருக்கிறது.

ஸ்கோப்பைத் தனியாக வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் லென்ஸில் ஒரு விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லாத கண்ணாடி. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. பிரதிபலிப்பைக் குறைக்கும் இந்தப் பூச்சை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் கண்டுபிடித்தார். அது ராணுவ ஸ்கோப்களுக்கு வந்து பரவியது பின்னால்தான். 1930-களின் தொடக்கத்து ஸ்கோப் என்று சொல்லிப் பூச்சுள்ள லென்ஸைக் காட்டினால், கண்ணாடி மாற்றப்பட்டிருக்கிறது அல்லது ஸ்கோப்பே வேறு.

அடுத்து, உள்ளே பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டினார்கள். வயதாகும்போது அது மஞ்சளாகும், ஓரத்திலிருந்து பிரியும், வானவில் நிறத்தில் திட்டுகள் தெரியும். நூலாம்படை போல் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. தொடக்கத்தில் நீக்கலாம், நாள்பட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். லேசான மஞ்சளும் சிறிய குமிழும் இருக்கும் ஸ்கோப்பை நான் தயங்காமல் வாங்குவேன். எண்பது ஆண்டு பழையது என்று விற்கும் ஸ்கோப் நேற்று வாங்கியது போல் தெளிவாக இருந்தால்தான் யோசிப்பேன்.

உருண்டைகளைத் திருப்பிப் பாருங்கள். தூர அளவும் பக்க அளவும் சீராக நகர வேண்டும். இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் குறிக்கம்பி அறுந்துவிடும். வளையம் பிடிக்கும் இடத்தில் குழாயில் தேய்ந்த தடம் இருக்க வேண்டும். ரைபிளிலேயே ஏறாத ஸ்கோப் அரிது.

வீட்டில் பிரித்துத் துடைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். திருகுத் தலை கிழியும், எண் இருக்கும் வளையத்தில் கீறல் விழும், கண்ணாடி திரும்ப அதே இடத்தில் உட்காராது.

ஸ்கோப் டப்பாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம்பர் 32-இன் தகரப் பெட்டியில் ஸ்கோப் எண்ணையும் ரைபிள் எண்ணையும் எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால் அது அபூர்வம்.

தாத்தா கொண்டுவந்தது என்று ஒரு கதையோடு வருகிறது. நம்பலாமா?

கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். உண்மையான கதைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் கதை துப்பாக்கியோடு ஒத்துப்போக வேண்டும்.

பேரலின் அடியில், முனைக்கு அருகில் சிறிய எழுத்தில் ஒரு இறக்குமதி நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று தேடுங்கள். 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்காவுக்குள் இறக்குமதியான ராணுவ ரைபிள்களில் அந்தக் குறி இருக்கும். அது இருந்தால் 1945-இல் பையில் வந்த கதை முடிந்தது. லீ-என்ஃபீல்டில் பிரிட்டிஷ் சோதனைச்சாலையின் ‘நைட்ரோ ப்ரூவ்டு’ போன்ற முத்திரைகள் இருந்தால் அது ராணுவத்தை விட்டுச் சந்தைக்கு வந்து விற்கப்பட்டது. நேராக வீட்டுக்கு வந்ததல்ல.

எழுத்தில் இருப்பதற்கு மதிப்பு உண்டு. தொடர் எண் எழுதிய கைப்பற்றல் சான்று, அந்தக் காலத்துப் புகைப்படம், கடிதம் ஆகியவை. தொடர் எண் இல்லாத காகிதம் எந்தத் துப்பாக்கியோடும் பயணம் செய்யும்.

பேரலைக் குறுக்கி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியதை மீட்டெடுக்கலாமா?

பேரல் வெட்டப்படாமல், ரிசீவரில் புதிய துளை இல்லாமல் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கட்டை மட்டும் அறுத்திருந்தால் அதே காலத்துக் கட்டையைத் தேடிப் பொருத்துங்கள். செய்ததை எழுதி வையுங்கள், விற்கும்போது சொல்லுங்கள். துளை போட்டதென்றால் அப்படியே விட்டுவிடுவது நல்லது. செலவு மீளாது.

சுட்டுப் பார்க்கலாமா?

உரிமமும் இடமும் இருந்தால்கூட, துப்பாக்கி வேலை தெரிந்தவர் ஹெட்ஸ்பேஸ் அளந்து சொன்ன பிறகுதான். போல்ட்டின் முகப்பிலிருந்து, தோட்டாவை மேலும் முன்னே போகாமல் தடுக்கும் இடம் வரை உள்ள தூரம் அது. போல்ட் மாறிய ரைபிளில் அது கூடியிருக்கலாம்.

சிலவற்றைச் சுடவே கூடாது. 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆலையின் 800,000-க்குக் குறைந்த எண்களும், ராக் ஐலண்டு ஆலையின் 285,507-க்குக் குறைந்த எண்களும் சரியாகப் பதப்படுத்தப்படாத இரும்பு. சில வெடித்திருக்கின்றன. ‘டிபி’ என்று குத்திய பிரிட்டிஷ் ரைபிள்கள் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே. ஜப்பானியப் பயிற்சி ரைபிள்களில் பல வார்ப்பிரும்பு ரிசீவரும் வழுவழுப்பான பேரலும் கொண்டவை, வெற்றுத் தோட்டாவைத் தவிர எதையும் தாங்காது. பார்க்க அச்சு அசலாகப் போர் ரைபிள் போலவே இருப்பதால் இது மிகவும் ஆபத்து.

பழைய ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமரில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகப் பேரலில் படியும். அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் பூச வேண்டும்.

எப்படிச் சுத்தம் செய்து வைப்பது?

குறைவாகச் செய்யுங்கள். செயலில் இருக்கும் செந்துருவை எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாக எடுங்கள், இரும்புக் கம்பளி வேண்டாம். நிலைத்துப்போன பழுப்பு நிறத்தைத் தொட வேண்டாம். மரத்துக்கு உலர்ந்த துணி போதும். மிகக் காய்ந்திருந்தால் ஆளிவிதை எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். வார்னிஷ் கூடவே கூடாது. தோல் உறையிலோ துணிப்பையிலோ நெடுநாள் வைக்காதீர்கள், ஈரம் தங்கும். ஸ்கோப்பைக் காற்றோட்டமான, ஈரம் குறைந்த இடத்தில் வையுங்கள். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை நிச்சயம்.

எண் ஒத்துப்போகும் ஸ்கோப்பும் ரைபிளும் என்னிடம் இருக்கின்றன. ஸ்கோப்பை மட்டும் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பணத்தேவை என்றால் இரண்டையும் சேர்த்து, ஒரே ஆளுக்கு விற்றுவிடுங்கள். ஒருமுறை பிரிந்த ஜோடி திரும்பச் சேர்வது மிக அரிது. வாங்கியவர் அதை வேறு ரைபிளில் மாட்டி எண்ணைத் திருத்திவிட்டால் அந்தத் தொடர்பு ஒரேயடியாகப் போய்விடும்.

விற்றாலும் விற்காவிட்டாலும் இன்றே ஒன்று செய்யுங்கள். எல்லா முத்திரைகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, எண்களை ஒரு தாளில் எழுதி, எங்கே யாரிடம் எப்போது வாங்கினீர்கள், என்ன பாகம் மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துப் பெட்டிக்குள் வையுங்கள். உங்களுக்குப் பின் அதை எடுக்கப்போகிறவருக்கு அந்தத் தாள் இல்லாமல் எதுவும் தெரியாது.